பெட்டிக் காசும் வங்கிக் கட்டணமும்



ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. சிலர் வங்கிக்குப் போய், தாள்காசைக் கொடுத்து அதே பெறுமதிக்குக் குற்றிக்காசு வாங்குகிறார்கள். ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி அல்ல, பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடதாசிச் சுருள்களைப் பிரித்து, பழைய வெள்ளிக் காசு ஏதும் அகப்படுமா என்று ஒவ்வொரு குற்றியாகப் பார்க்கிறார்கள். அகப்பட்டதை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பவும் வங்கியில் போட்டுவிடுகிறார்கள்.

கேட்கும்போது இதில் நட்டப்பட எதுவும் இல்லை என்றே தோன்றும். 500 டொலர் கொடுத்து 500 டொலர் வாங்குகிறார்கள். வெள்ளி கிடைத்தால் இலாபம். கிடைக்காவிட்டாலும் முதலுக்கு மோசம் இல்லை.

ஆனால் பல வங்கிகள் இப்படிக் கேட்கப்படும் பெட்டிகளுக்குக் கட்டணம் அறவிடுகின்றன. பார்வைக்குச் சிறிய அந்தக் கட்டணம் முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது. அது எப்படி என்பதையே இம்மாதம் பார்க்கப் போகிறோம். காசுக்குள் வெள்ளி தேடுவது எங்களுடைய வேலை அல்ல. ஆனாலும் சிறு தொகையை வைத்துக் குடும்பம் நடத்தும் எவருக்கும் இந்தக் கணக்கு உதவும்.

காசுக்குள் வெள்ளி வந்தது எப்படி?

1964 ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் 10 சதம், கால் டொலர், அரை டொலர் ஆகிய குற்றிகள் 90 வீதம் வெள்ளியும் 10 வீதம் செம்பும் கலந்து செய்யப்பட்டன. வெள்ளியின் தேவை கூடிக் கையிருப்பு குறைந்து வந்ததால், 1965 இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி 10 சதத்திலிருந்தும் கால் டொலரிலிருந்தும் வெள்ளி முற்றாக நீக்கப்பட்டது. அரை டொலரில் மட்டும் 1970 வரை 40 வீதம் வெள்ளி இருந்தது. 1971 முதல் புழக்கத்துக்கு விடப்பட்ட அரை டொலரிலும் வெள்ளி இல்லை.

பழைய காசுக்கும் புதிய காசுக்கும் கடையில் ஒரே பெறுமதிதான். அப்படியிருக்க, வெள்ளிக் காசைக் கொடுத்துப் பாண் வாங்க எவருக்கு மனம் வரும்? பழைய காசுகளை மக்கள் பெட்டியில் பூட்டினார்கள், புதியவற்றைச் செலவழித்தார்கள். இதனால் கைமாறும் காசில் வெள்ளி அரிதாகிப் போனது. அரை டொலரை மட்டும் மக்கள் அன்றாடச் செலவுக்கு அதிகம் பாவிப்பதில்லை. அது சுருள்களுக்குள்ளேயே அடைபட்டு வங்கிகளில் கிடக்கிறது. ஆகவேதான் வெள்ளி தேடுபவர்கள் அரை டொலர்ப் பெட்டியை விரும்பிக் கேட்கிறார்கள்.

வேறு சிலர் ஒரு சதக் குற்றிகளில் செம்பு தேடுகிறார்கள். 1982 வரை அவற்றில் 95 வீதம் செம்பு இருந்தது. அந்த ஆண்டின் நடுவில் உள்ளே நாகமும் மேலே செம்புப் பூச்சும் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் செம்பு கிடைத்தாலும் அதை உருக்கி விற்க முடியாது. ஒரு சத, ஐந்து சதக் குற்றிகளை உருக்குவதை அமெரிக்க அரசு 2006 டிசம்பரில் தடை செய்தது. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான ஒரு சதக் குற்றியை அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

வங்கி ஏன் கட்டணம் கேட்கிறது?

வங்கி காசு அடிப்பதில்லை. அங்கு நாணயச்சாலை அடிக்கும் குற்றிகள், அந்நாட்டு மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வ் ஊடாகவே மற்ற வங்கிகளுக்குப் போகின்றன. காசை எண்ணுவது, கடதாசியில் சுருட்டுவது, பெட்டியில் அடைப்பது, காவலோடு வண்டியில் ஏற்றிவருவது ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் தனியார் கம்பனிகள் செய்கின்றன. அதற்கு வங்கி கூலி கொடுக்கிறது.

ஒரு பெட்டியில் 50 சுருள்கள் இருக்கும். அரை டொலர்ப் பெட்டியில் 1,000 குற்றிகள், அதாவது 500 டொலர். அதன் நிறை 11 கிலோவுக்கும் அதிகம். ஒரு சதப் பெட்டியில் 2,500 குற்றிகள் இருக்கும். நிறை ஆறு கிலோவைத் தாண்டும், பெறுமதியோ வெறும் 25 டொலர்.

கடைக்காரர் ஒருவர் பெட்டி வாங்கினால் காசு மிச்சக்காசாக ஊருக்குள் ஓடும். வெள்ளி தேடுபவர் வாங்கினால் சில நாட்களில் அதே காசு அவிழ்ந்தபடி வங்கிக்குத் திரும்பி வரும். அதை மறுபடி எண்ண வேண்டும், மறுபடி ஏற்றியனுப்ப வேண்டும். வாங்கிய வங்கியிலேயே திருப்பிப் போட்டால் பார்த்து முடித்த காசே மறுபடி தம் கைக்கு வரும் என்று பலர் வேறொரு வங்கியில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். கொண்டுவந்த செலவு ஒரு வங்கிக்கு, எண்ணும் செலவு இன்னொரு வங்கிக்கு. கட்டணம் போடும் வங்கி சொல்லும் நியாயம் இதுதான்.

காசு தேடுபவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. "எனது பணத்தை இன்னோர் உருவில் கேட்கிறேன். அதைக் கொடுப்பது வங்கியின் வேலை அல்லவா?" என்கிறார்கள். சில வங்கிகள் கணக்கு வைத்திருப்பவருக்கு இலவசமாகவே கொடுக்கின்றன. சில சுருளுக்கு இவ்வளவு என்றும், சில பெட்டிக்கு இவ்வளவு என்றும் அறவிடுகின்றன. சில கொடுக்கவே மறுக்கின்றன. நேற்றுவரை இலவசமாகக் கொடுத்த இடத்தில் இன்று முன்னறிவித்தல் இல்லாமல் கட்டணம் கேட்டால் எவருக்கும் கோபம் வரும்.

2020 இல் கொவிட் தொற்று வந்தபோது இன்னொரு விடயமும் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவில் காசு இல்லாமல் போகவில்லை. கடைகள் மூடிக் கிடந்ததால் வீட்டுப் போத்தல்களிலும் மேசை லாச்சிகளிலும் இருந்த காசு வெளியே வரவில்லை. அதனால் அவ்வாண்டு யூன் மாதம் பெடரல் ரிசேர்வ் வங்கிகளுக்குக் காசைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. காசு இருப்பது வேறு, காசு ஓடுவது வேறு. காசை ஓட வைப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது. அதை யார் ஏற்பது என்பதுதான் இங்குள்ள வழக்கு.

ஒரே கட்டணம், வேறு வேறு சுமை

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு வங்கி சுருள் ஒன்றுக்கு 10 சதம் அறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 சுருளுக்கு 5 டொலர். எந்தக் காசை வாங்கினாலும் பெட்டிக்கு அதே 5 டொலர்தான்.

அரை டொலர்ப் பெட்டியின் பெறுமதி 500 டொலர். கட்டணம் அதில் 1 வீதம்.
10 சதப் பெட்டியின் பெறுமதி 250 டொலர். கட்டணம் 2 வீதம்.
5 சதப் பெட்டியின் பெறுமதி 100 டொலர். கட்டணம் 5 வீதம்.
ஒரு சதப் பெட்டியின் பெறுமதி 25 டொலர். கட்டணம் 20 வீதம்.

பார்த்தீர்களா? கட்டணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் 500 டொலர் கொண்டுவந்தவருக்கு அது எறும்புக் கடி. 25 டொலர் கொண்டுவந்தவரிடம் ஐந்தில் ஒரு பங்கே போய்விடுகிறது. எல்லோருக்கும் ஒரே தொகை என்று சொல்லும்போது அது சமத்துவம் போலக் கேட்கும். உண்மையில் சிறு தொகை வைத்திருப்பவரே கூடச் சுமக்கிறார்.

வெள்ளி கிடைத்தால் ஈடாகிவிடாதா என்று கேட்கலாம். 40 வீத வெள்ளி கொண்ட ஓர் அரை டொலரில் ஏறக்குறைய 4.6 கிராம் வெள்ளி இருக்கிறது. வெள்ளியை நிறுக்கும் அவுன்ஸ் ஏறக்குறைய 31 கிராம். ஓர் அவுன்ஸ் 30 டொலர் என்று வைத்தால், அந்தக் குற்றியில் உள்ள வெள்ளி 4 டொலர் 40 சதம் பெறும். குற்றியின் சொந்தப் பெறுமதியான 50 சதத்தைக் கழித்தால் மேலதிகம் 4 டொலரும் இல்லை. பெட்டிக் கட்டணமோ 5 டொலர். ஆயிரம் குற்றிகளைப் பார்த்து ஒன்றைக் கண்டெடுத்தவரும் நட்டத்தில்தான் நிற்கிறார். இரண்டு கிடைத்தால்தான் தப்பலாம். வெள்ளி விலை ஏறினால் கணக்கு நல்லதாக மாறும், இறங்கினால் இன்னும் மோசமாகும். ஆனால் கட்டணம் வெள்ளி விலையைப் பார்த்து வருவதில்லை. ஒன்றுமே கிடைக்காத பெட்டிக்கும் அதே 5 டொலர் கட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு செலவுகள் உள்ளன. ஒன்று, வங்கிக்குப் போய்வரும் செலவு. மற்றது, ஆயிரம் குற்றிகளைப் புரட்டிப் பார்க்கும் நேரம். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அந்த நேரம் மகிழ்ச்சி, அதற்குக் கூலி வேண்டியதில்லை. வருமானம் என்று நினைத்துச் செய்பவர் அதையும் கணக்கில் எழுத வேண்டும். கிடைத்த வெள்ளியைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். வெறுமையாகத் திரும்பிய பெட்டிகளைப் பற்றி எவரும் கதைப்பதில்லை.

எங்கள் கணக்கில் இது எங்கே வருகிறது?

போருக்குப் பின்னர் உதவிப்பணம் பெறுவதற்காகவே முதன்முதலாக வங்கிக் கணக்குத் திறந்தவர்கள் எங்களில் பலர் இருக்கிறார்கள். காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தோம். எதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்கும் நிலையில் அன்று நாங்கள் இருக்கவில்லை. இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 50 ரூபா கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபா எடுப்பவருக்கு அது 5 வீதம். 10,000 ரூபா எடுப்பவருக்கு அரை வீதம். ஒரு மாதத்தில் பத்துத் தடவை ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் 500 ரூபா போய்விடும். இரண்டு தடவையில் எடுத்தால் 100 ரூபாவோடு முடிந்துவிடும்.

பஸ் காசும் இப்படித்தான். வங்கி அதை அறவிடுவதில்லை, ஆனாலும் அது எங்களுக்கு ஒரு கட்டணமே. ரவுணுக்குப் போய் 500 ரூபா வைப்பிலிட்டாலும் 5,000 ரூபா வைப்பிலிட்டாலும் பஸ்ஸுக்கு ஒரே காசு. அன்றைய நாள் வேலையும் போய்விடும். சங்கமாகச் சேமிக்கும் சகோதரிகள் பணத்தைச் சேர்த்து, இருவராகப் போய் வைப்பிலிட்டு, பற்றுச்சீட்டை எல்லோருக்கும் காட்டினால் பலருடைய பஸ் காசு மிஞ்சும். கட்டணத்துக்குப் பயந்து பெருந்தொகையை வீட்டில் வைத்திருப்பதும் புத்தி அல்ல. களவுக்கும் தீக்கும் கொடுப்பதைவிட 50 ரூபா மேல்.

கைத்தொழில் செய்யும் சகோதரிகளும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மிளகாய்த்தூள் பைக்கற் ஒன்றுக்கு விலை போடும்போது மிளகாய், மல்லி, அரைகூலி, பை எல்லாவற்றையும் எழுதுகிறோம். வறுத்த நேரத்தையும் கட்டிய நேரத்தையும் கடைக்குக் கொண்டுபோன நேரத்தையும் எழுதுவதில்லை. வந்த காசை மட்டும் எண்ணினால் எல்லாத் தொழிலும் இலாபமாகவே தெரியும். ஒரு மணித்தியாலத்துக்கு வெளியில் எவ்வளவு கூலி கிடைக்கும் என்று பார்த்து, அதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவதுதான் இலாபம்.

வங்கியில் கேட்க வேண்டியவை

2023 ஆம் ஆண்டில் இலங்கை மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. கட்டணங்களை வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அடுத்த முறை போகும்போது புத்தகத்தோடு இந்தக் கேள்விகளையும் கொண்டுபோங்கள்.

1. எனது கணக்கில் எவை எவற்றுக்குக் கட்டணம் கழிக்கப்படும்? அந்த விவரத்தைத் தமிழில் எழுத்தில் தருவீர்களா?
2. கட்டணம் ஒவ்வொரு தடவைக்குமா, தொகையின் வீதத்துக்கு ஏற்பவா?
3. ஆகக் குறைந்தது எவ்வளவு மீதி வைத்திருக்க வேண்டும்? அதற்குக் கீழே போனால் என்ன நடக்கும்?
4. நீண்ட காலம் பாவிக்காமல் விட்டால் கணக்கு என்னவாகும்?

பதிலைக் கேட்டுவிட்டு வராமல், ஒரு துண்டில் குறித்துப் புத்தகத்துக்குள் வையுங்கள். பின்னர் புத்தகத்தில் ஏதாவது கழிந்திருந்தால் அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் காசாளரிடம் கேளுங்கள். அங்கு பதில் கிடைக்காவிட்டால் முகாமையாளரிடம் போங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் சங்கத்திலுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கழிந்தது 50 ரூபாதானே என்று விட்டுவிட வேண்டாம். அந்த 50 ரூபாவில் பிள்ளைக்கு ஒரு கொப்பியின் பாதிக் காசாவது இருக்கும்.