கையெழுத்துக்கு முன்

"முதலில் பெயர் வரட்டும், மற்றதெல்லாம் பின்னால் வரும்" என்று இளம் இசைக்குழுக்களுக்கு உபதேசிக்கும் பெரிய மனிதர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பீட்டில்ஸுக்குப் பெயர் வரவில்லையா? 1963இல் லெனன், மக்கார்ட்னி இருவரின் பாட்டுகளுக்கென்றே 'நார்தர்ன் சாங்ஸ்' கம்பெனி பிறந்தது. பெரும்பங்கு பிறர் கையில். 1969இல் அது ஏ.டி.வி.க்குப் போயிற்று. 1985இல் ஏ.டி.வி.யின் பாட்டுரிமைகளை மைக்கேல் ஜாக்சன் வாங்கினார். 1987இல் லெனன் எழுதிய 'ரெவல்யூஷன்' நைக்கி செருப்புக்கு விளம்பரமாயிற்று! பாடியவர்களின் சொந்தக் கம்பெனியே கோர்ட்டுக்கு ஓடிற்று. ராயல்டி வந்துகொண்டுதான் இருந்தது. அதிகாரம் அல்லவா போய்விட்டது?

ஆகவே தம்பிகளே, மேடை பிறகு, வக்கீல் முதலில். கம்பெனி அழைத்து வரும் வக்கீல் அல்ல, உங்கள் வக்கீல். குழுவுக்குள்ளும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இப்போதே எழுதிவிடுங்கள். நட்பு இருக்கும்போது எழுதினால் பத்திரம். முறிந்தபின் எழுதினால் பிராது.