சோற்றையும் தண்ணீரையும் எரிக்கச் சொல்லும் மாற்று

மின் வாகனங்களின் குறைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, எத்தனாலும் ஹைட்ரஜனும்தான் இந்தியாவுக்கு ஏற்ற மாற்று என்று முடித்திருக்கிறார் ஒரு கட்டுரையாளர். தொலைக்காட்சி விவாதங்களிலும் டீக்கடைப் பேச்சிலும் இதே வாதத்தைத்தான் கேட்கிறோம். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது, லித்தியத்துக்காகப் பூமியைக் குடைகிறார்கள், பேட்டரி தீப்பிடிக்கிறது, சில வருடங்களில் அது குப்பையாகிறது. ஆகவே கரும்பிலிருந்து எரிபொருள் எடுப்போம், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்போம். இதன் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையைக் கொண்டு இரண்டாம் பாதியை நிறுவ முடியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் இது. பேட்டரியை மட்டும் கிராம் கணக்கில் அளந்துவிட்டு, எத்தனாலை அளக்காமலே தேறியதாக அறிவிப்பதற்குப் பெயர் வாதம் இல்லை, பாரபட்சம்.

நிலக்கரியிலிருந்தே தொடங்குவோம், எதிர்ப்பாளர்களின் பெரிய ஆயுதம் அதுதான். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. சரி, இதை வைத்தே கணக்குப் போடுவோம். ஒரு மின் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட, கம்பியில் ஆகும் இழப்பையும் சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் தாராளமாகச் சேர்த்தால், மின் நிலையத்தில் 5 யூனிட் உற்பத்தியாக வேண்டும். அதற்கு மூன்றரைக் கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 2 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வீதம், மொத்தம் 4.6 கிலோ. கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து, லாரியில் ஏற்றி பங்க்குக்கு அனுப்பியதற்கான கணக்கு இதில் சேரவில்லை. ஆக, இன்றைய அழுக்கு மின்சாரத்தில் ஓடினாலும் மின் ஸ்கூட்டர் ஜெயிக்கிறது. இந்தியச் சாலைகளில் நான்கில் மூன்று வண்டி இருசக்கர வாகனம் என்பதை மறந்துவிட்டு, எந்நேரமும் காரை வைத்தே பேசுவது எந்த ஊர் யதார்த்தம்?

காருக்கு வந்தால் இந்த இடைவெளி குறுகும் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. பெரிய பேட்டரியைச் சுமந்தபடி இரண்டு டன் எடையோடு போகும் எஸ்யூவியை நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் சூழலுக்குக் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். அந்த வண்டிக்கு அரசு சலுகை தருவதை எதிர்த்து எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2025இன் நடுவில் இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் சாராததாக மாறிவிட்டது. உற்பத்தியில் அந்த மாற்றம் மெதுவாகத்தான் தெரியும், ஆனாலும் தெரியும். இன்று வாங்கும் மின் வண்டி, மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாகத் தானும் சுத்தமாகிக்கொண்டே போகும். இன்று வாங்கும் பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

நிலக்கரி வாதத்தில் எனக்கு உறுத்துகிற இடம் வேறு. சென்னை அண்ணா சாலையில் புகை குறைந்தால் எண்ணூரில் கூடும். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, மீன்பிடித் தொழிலையே அழித்த அநீதி அங்கே பல வருடங்களாக நடக்கிறது. மின் வாகனத்தின் உண்மையான குறை இதுதான்: புகையின் விலையை நகரத்துக்காரன் தலையிலிருந்து இறக்கி மீனவர் தலையில் வைக்கிறது. எதிர்ப்பாளர்களின் எழுத்தில் எண்ணூரைத் தேடிப் பாருங்கள், இருக்காது. நிலக்கரி மீது அவர்களுக்குக் கோபமே இல்லை. பேட்டரியை அடிக்க அது ஒரு கைத்தடி, அவ்வளவுதான். கோபம் உண்மையானால், அனல் மின் நிலையங்களை மூடவும் சாம்பலை அகற்றவும் கேட்டிருப்பார்கள்.

தீ விபத்து பற்றிய அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல ஊர்களில் வண்டிகள் எரிந்தன. மட்டமான செல்களையும் அரைகுறைச் சோதனையையும் வைத்துக்கொண்டு சந்தைக்கு ஓடிவந்த நிறுவனங்களும், அதை வேடிக்கை பார்த்த கட்டுப்பாட்டு அமைப்புகளும்தான் அதற்குப் பொறுப்பு. அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. விதியை மேலும் இறுக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஆனால் தீயைக் கண்டு பேட்டரியைத் தள்ளி வைப்பவர், 700 மடங்கு காற்றழுத்தத்தில் ஹைட்ரஜனை அடைத்துவைத்த சிலிண்டருக்குமேல் குடும்பத்தை உட்காரவைக்கத் தயங்காதது எப்படி? 2019 ஜூனில் நார்வேயின் சான்ட்விகாவில் ஹைட்ரஜன் நிரப்பு நிலையமே வெடித்தது. அது ஏன் அவர் பட்டியலில் இல்லை?

லித்தியம், கோபால்ட் விஷயத்தில் சுருக்கமாக. காங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் நடக்கும் குழந்தை உழைப்பு கொடுமை. ஆனால் கோபால்டும் நிக்கலும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரி இன்று பரவலாகியிருக்கிறது. சீனாவைச் சார்ந்திருப்பது ஆபத்து என்பதும் சரிதான். 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் இங்கே மோட்டார் தயாரிப்பாளர்கள் திணறினார்கள். ஆனால் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு இது. எண்ணெய் ஒருமுறை எரிந்தால் போயிற்று, அடுத்த நாள் மறுபடி வாங்க வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் உலோகம் நாட்டுக்குள்ளேயே இருக்கும், திரும்ப எடுக்கலாம். 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்த மீட்பைத் தயாரிப்பாளர் பொறுப்பாக்கியிருக்கின்றன. அது காகிதத்தில் இருக்கிறதா, பட்டறையில் நடக்கிறதா என்று கேட்பதுதான் விமர்சகனின் வேலை.

இனி எத்தனால். இங்கேதான் அவர்கள் மௌனம் என்னைக் கோபப்படுத்துகிறது.

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை அரசே எழுதிய ஆவணம். சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, கரும்பு வயலையும் சேர்த்துச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. லித்தியம் எடுக்க சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் தண்ணீர் வற்றுகிறது என்று கண்ணீர் விடுபவர்கள், காவிரிக்கு ஒவ்வொரு ஜூனிலும் மேட்டூரைப் பார்த்து நிற்கும் விவசாயியின் நாட்டில் இந்த எண்ணைச் சொல்லாமல் கடந்துபோகிறார்கள். பேச்சு அட்டகாமாவில் இருக்கிறது, வறண்ட கிணறு இங்கே இருக்கிறது.

ஒரு ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மகசூலாக 40 டன் கரும்பு. டன்னுக்கு 70 லிட்டர் வீதம் 2,800 லிட்டர் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், சுமார் 1,870 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஸ்கூட்டரில் அது 93,000 கிலோமீட்டர். வருடம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி, உரம் போட்டு, வெட்டுக்கூலி கொடுத்த பிறகு கிடைப்பது அவ்வளவு. அதே ஒரு ஏக்கரில், ஒன்றும் விளையாத பொட்டல் காடாகவே இருக்கட்டும், சூரியத் தகடு வைத்தால் வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் யூனிட் வரும். ஸ்கூட்டருக்கு 100 கிலோமீட்டருக்கு 5 யூனிட் என்று மேலே போட்ட தாராளக் கணக்கிலேயே அது 60 லட்சம் கிலோமீட்டர். அறுபது மடங்குக்கும் மேல். கரும்புச் சக்கையிலும் மின்சாரம் எடுக்கலாம் என்று வாதிடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். அதனால் இந்த இடைவெளி மூடாது. வெயிலைப் பயிர் பிடித்துவைக்கும் திறன் அவ்வளவு குறைவு, இயற்கையின் விதி அது.

கரும்போடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இன்று கரும்பைவிடத் தானியத்திலிருந்துதான் அதிக எத்தனால் வருகிறது, அதில் முதலிடம் மக்காச்சோளத்துக்கு. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024இல் அதை இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் தீவனத்துக்காக எத்தனால் ஆலையோடு விலையில் மோத வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை கடைசியில் முட்டை விலையில் இறங்கும். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 2024–25க்கு 52 லட்சம் டன் அரிசி எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது, கிலோ 22.50 ரூபாய்க்கு. பசி இன்னும் தீராத நாட்டில், மக்கள் வரிப் பணத்தில் கொள்முதல் செய்த அரிசியை அடக்க விலைக்கும் கீழே கொடுத்து வண்டிக்கு ஊற்றுவதைப் பசுமை என்று அழைக்க எனக்கு வாய் வராது.

இந்த எரிபொருள் வானத்தையும் நம்பியிருக்கிறது. 2023இல் மழை பொய்த்துச் சர்க்கரை உற்பத்தி குறையும் என்று தெரிந்ததும், அந்த டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க மத்திய அரசே தடை போட்டது, பிறகு தளர்த்தியது. மழை தவறினால் நின்றுபோகிற எரிபொருளை எரிசக்திப் பாதுகாப்பு என்கிறார்கள்.

வண்டி ஓட்டுகிறவனுக்கு என்ன கிடைத்தது? 10 சதவீதக் கலப்புக்கேற்ப அமைத்த கார்களில் 20 சதவீதம் ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதமும், அத்தகைய இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை கணித்தது. அந்த இழப்பை ஈடுகட்ட வரிச்சலுகை வேண்டும் என்றும் சொன்னது. 2030க்கு என்று வைத்த இலக்கை முன்னே இழுத்து 2025லேயே 20 சதவீதத்தை எட்டிவிட்டார்கள். சலுகை மட்டும் வரவில்லை. பங்க்கில் கலப்பு குறைந்த பெட்ரோல் கேட்டு வாங்கும் உரிமையும் சாமானியனுக்கு இல்லை. பழைய வண்டியின் ரப்பர் குழாய் இற்றுப்போனால் செலவு அவன் கையிலிருந்துதான்.

உடனே பிரேசிலைக் காட்டுவார்கள். பிரேசிலின் பரப்பு இந்தியாவைப்போல் இரண்டரை மடங்கு, மக்கள்தொகையோ ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே சாவோ பாவ்லோவின் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது, நம் கரும்பு மோட்டார் போட்டு இறைத்த நிலத்தடி நீரில் விளைகிறது. அந்தப் பிரேசிலிலேயே 1989–90இல் எத்தனால் தட்டுப்பாடு வந்து, எத்தனாலில் மட்டும் ஓடும் கார்களை வைத்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். வைக்கோலிலிருந்து எடுப்போம் என்பார்கள் சிலர். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் அப்படி ஒரு ஆலையைத் திறந்தார்கள். அதன் திறன் வருடத்துக்கு 3 கோடி லிட்டர். நாட்டின் தேவை சுமார் 1,000 கோடி லிட்டர்.

ஹைட்ரஜனுக்கு அதிகம் எழுதத் தேவையில்லை, இயற்பியல் சுருக்கமாகவே முடித்துவிடுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை அழுத்தி அடைக்க இன்னும் கொஞ்சம். அந்த ஒரு கிலோவில் டொயோட்டா மிராய் கார் சுமார் 100 கிலோமீட்டர் போகும். பேட்டரிக் கார் அதே தூரத்தை 15 முதல் 18 யூனிட்டில் கடக்கிறது. மின்சாரம் அழுக்கு என்று அலறியவர்கள் மூன்று மடங்கு மின்சாரம் கேட்கும் வண்டியை மாற்று என்கிறார்கள். உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் பிறக்கிறது என்பதையும் சொல்வதில்லை. 2022இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மிராயில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார், படங்கள் வந்தன. 2024 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை எல்லாம் மூடிவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டெல்லாண்டிஸ் தன் ஹைட்ரஜன் வாகனத் திட்டத்தையே கைவிட்டது. பணம் போட்டுப் பார்த்தவர்கள் வெளியேறிய வீட்டுக்குள் நம்மைக் குடியேறச் சொல்கிறது இந்த வாதம். ஹைட்ரஜனுக்கு உரிய இடம் உண்டு: உரத் தொழிற்சாலை, உருக்காலை, கப்பல். ஸ்கூட்டரும் காரும் அந்தப் பட்டியலில் வரா.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1996இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று ஒருவர் செய்துகாட்டியபோது, ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்க மறந்து மாநிலமே கைதட்டியது. அந்தக் கேள்வியை எத்தனாலிடமும் ஹைட்ரஜனிடமும் கேட்டே தீர வேண்டும்.

மின் வாகனத்தை விமர்சியுங்கள், வேண்டிய அளவு. மாலை ஆறு மணிக்கு எல்லோரும் சார்ஜ் போட்டால் நிலக்கரிதான் எரியும், ஆகவே பகல் வெயிலில் அலுவலகத்திலும் ரயில் நிலையத்திலும் சார்ஜ் போட வசதி கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர் எங்கே சார்ஜ் போடுவார் என்று கேளுங்கள். தெருமுனை மெக்கானிக் திறந்து பழுது பார்க்க முடியாதபடி பேட்டரியைப் பூட்டிவைக்கும் நிறுவனங்களைக் கேளுங்கள். 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இந்தப் பெருநகருக்கு அது போதாது, இன்னும் கேளுங்கள். இவை அத்தனையும் சரிசெய்யக்கூடிய குறைகள். ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்பதை எந்தப் பொறியாளரும் சரிசெய்ய முடியாது.

எத்தனாலை ஆதரித்து எழுதுபவர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த கட்டுரையில் பேட்டரியின் குறைகளை அடுக்கத் தொடங்குவதற்கு முன், இந்த எரிபொருளுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும், எத்தனை டன் அரிசி வேண்டும் என்ற மூன்று எண்களை முதல் பத்தியில் எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.