கிராபிக்ஸ் கார்டு கேட்கும் பிள்ளையா? வாங்கும் முன் 3 கேள்விகள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜ் அட்மிஷன் முடிந்ததும் தருமபுரி பக்கத்து வீடுகளில் அடுத்த பேச்சு ஆரம்பிக்கும். "ப்பா... கிராபிக்ஸ் கார்டு வெச்ச லேப்டாப் வேணும். புராஜெக்ட்டுக்குத்தான்!" புராஜெக்ட்டுக்கு மட்டும் இல்லை என்று அப்பாவுக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும் என்று பிள்ளைக்கும் தெரியும்.

சீட்டு எடுத்த பணமோ, மாங்காய் விற்ற பணமோ, சும்மா வருவதில்லை. நடுத்தரமான ஒரு கார்டே சுமார் 30,000 ரூபாயைத் தொடுகிறது. அதில் 18% ஜி.எஸ்.டி. வேறு. விடிய விடிய கேம் ஆடும் ஆள் என்ற முறையில் சொல்கிறேன்... கார்டு வாங்குவது தப்பில்லை. எதற்கென்று தெரியாமல் வாங்குவதுதான் தண்டம். கடைக்குக் கிளம்பும் முன் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

1. ஸ்கிரீன் என்ன அளவு?

கம்ப்யூட்டரின் பிராசஸர், கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டர் மாதிரி. எந்தக் கஷ்டமான வேலையும் செய்வார். ஆனால் ஆயிரம் பேருக்கு வெங்காயம் உரிக்க அவர் ஒருவர் போதாது. கிராபிக்ஸ் கார்டு என்பது வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருக்கும் பெரிய கூட்டம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் அப்படி 3,584 சின்னச் சின்ன கோர்கள் இருக்கின்றன.

இவ்வளவு பேர் எதற்கு? ஃபுல் ஹெச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. நொடிக்கு 60 முறை படம் மாற வேண்டும் என்றால், ஒவ்வொரு நொடியும் 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல் நிறம் கணக்கிட வேண்டும். 4கே திரை என்றால் புள்ளிகள் அப்படியே 4 மடங்கு. வீட்டில் இருப்பது ஃபுல் ஹெச்டி மானிட்டர் என்றால், 4கே கேமுக்கான கார்டை வாங்குவது நாலு பேர் வீட்டுக்கு அண்டா வாங்குகிற கதைதான்.

2. எத்தனை ஜிபி, எத்தனை வாட்ஸ்?

நம்பர் பெரிதாக இருந்தால் எல்லாமே பெரிது என்று நினைக்காதீர்கள். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி மெமரி. 2023-ல் வந்த 4060-ல் 8 ஜிபிதான். 2025-ல் வந்த 5060-லும் அதே 8 ஜிபி! வேகம் கூடியிருக்கிறது, மெமரி குறைந்திருக்கிறது. கேமர்களின் பெரிய புலம்பலே இதுதான். ஃபுல் ஹெச்டி-யில் கேம் மட்டும் ஆட 8 ஜிபி-யை வைத்து ஓட்டலாம். பிளெண்டர் மாதிரி 3டி வேலையும் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்றால், என் ஓட்டு அதிக மெமரிக்கே.

அடுத்தது மின்சாரம். 3060 முழு வேகத்தில் 170 வாட்ஸ் வரை இழுக்கும். 4060-க்கு 115 போதும். அதே வரிசையின் உச்சியில் இருந்த 4090-க்கோ 450 வாட்ஸ். அதாவது, ஆறு சாதாரண சீலிங் ஃபேன் ஒன்றாக ஓடுகிற மாதிரி. அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் இருப்பவர்கள், கார்டில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல பவர் சப்ளைக்குக் காசு ஒதுக்குங்கள்.

லேப்டாப் வாங்குபவர்கள் இன்னும் உஷார். ஒரே 4060 பெயரில், ஒரு லேப்டாப்பில் 35 வாட்ஸிலும் இன்னொன்றில் 115 வாட்ஸிலும் கார்டு ஓடலாம். பெயர் ஒன்று, வேகம் வேறு. "இதுல கார்டுக்கு எத்தனை வாட்ஸ்ணா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்துக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட பெங்களூரு எஸ்.பி. ரோடுதான் பக்கம். ஒரு காலத்தில் எத்தீரியம் கிரிப்டோ நாணயத்துக்காக கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் அந்த முறை நின்றதும், உழைத்துக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அதனால் பழைய கார்டு என்றால் பில் கேளுங்கள். வாரன்ட்டி பாக்கி இருக்கிறதா என்று சீரியல் நம்பரை வைத்துப் பாருங்கள். கண்ணெதிரே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

3. எந்த கேம் ஆடப் போகிறாய்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். 'சைபர்பங்க் 2077' ஆட வேண்டும் என்றால் நல்ல கார்டு வேண்டும், சரி. ஆனால், எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016-ல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'க்குத் தனி கார்டே வேண்டாம்.

'வெண்பா'வுக்கும் அப்படித்தான். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் இது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின்... இவர்கள்தான் கதை. துப்பாக்கி இல்லை, கார் ரேஸ் இல்லை. அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்பில் பாதி அழிந்திருக்கும். மீதியை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர்! தமிழ் பேசத் தயங்கும் மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தச் சாப்பாடுதான் பாலம். கைக்குள் அடங்கும் நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலும் இந்த கேம் ஓடுகிறது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது இதற்குத்தான் கிடைத்தது.

உலகம் திரும்பிப் பார்த்தது கார்டின் விலையை இல்லை. நம் வீட்டு அடுப்படிக் கதையை.

அதனால் தம்பி, தங்கைகளே... ஆட ஆசைப்படும் ஐந்து கேம்களை ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் என்ன கார்டு தேவை என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தப் பேப்பரோடு அப்பாவிடம் போங்கள். 'புராஜெக்ட்' கதையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பெற்றோர்களே... பணம் கட்டி ஆடும் ரம்மியும் வீடியோ கேமும் ஒன்றில்லை. பிள்ளை கேம் என்றதும் பயந்துவிடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து 'வெண்பா'வை ஆடிப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லிப் புதிரில் பிள்ளையைவிட நீங்கள்தான் முதலில் ஜெயிப்பீர்கள். கார்டு பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்!