பரணில் கிடக்கும் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்... பேக்கப் டிரைவாக மாற்றுவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் போன்ற ஊர்களில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் பரணிலோ, பீரோ மேலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வழங்கப்பட்டன. அவற்றில் பலவற்றுக்கு இப்போது பேட்டரி இல்லை, ஸ்கிரீன் இல்லை. ஆனால், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் இன்னும் உயிரோடு இருக்கலாம். அக்காவின் கல்யாண போட்டோக்கள், மறைந்துபோன தாத்தா பேசிய வீடியோ என வேறெங்கும் காப்பி இல்லாத பொக்கிஷங்கள் அதில் இருக்கக்கூடும்.

அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து, சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு கேஸில் போட்டால், பென் டிரைவ்போல யூ.எஸ்.பி-யில் செருகிப் பயன்படுத்தலாம். கடைகளில் 'ஹார்டு டிஸ்க் கேஸ்' என்று கேட்டால் போதும். ஆனால், எல்லா கேஸும் எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தாது.

எந்த டிஸ்க், எந்த கேஸ்?

லேப்டாப் ஹார்டு டிஸ்க் 2.5 இன்ச் அளவு, சாட்டா வகை. இதற்கு யூ.எஸ்.பி தரும் மின்சாரமே போதும். கம்ப்யூட்டரில் இருக்கும் 3.5 இன்ச் டிஸ்க் என்றால், தனி அடாப்டருடன் வரும் பெரிய கேஸ் தேவை. தடிமனையும் பாருங்கள். 7 மி.மீ, 9.5 மி.மீ என இரண்டு வகை உண்டு. 7 மி.மீ டிஸ்க்குக்கான ஒல்லி கேஸில் 9.5 மி.மீ டிஸ்க் நுழையாது.

புதிய லேப்டாப்களில் இருப்பது சூயிங்கம் பட்டைபோன்ற எம்.2 எஸ்.எஸ்.டி. அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ என இரண்டு வகை உண்டு. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்து, அதற்கேற்ற கேஸையே வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால், டிஸ்க்கையே கடைக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது.

யூ.எஸ்.பி 3.0 அவசியமா?

அவசியம்தான். யூ.எஸ்.பி 2.0 கேஸில் நொடிக்குச் சுமார் 35 எம்.பி வேகம்தான் கிடைக்கும். 100 ஜி.பி காப்பியாக 50 நிமிடம் வரை ஆகலாம். அதே டிஸ்க் யூ.எஸ்.பி 3.0 கேஸில் நொடிக்கு 100 எம்.பி வரை ஓடினால், 17 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். லேப்டாப்பில் யூ.எஸ்.பி 3.0 போர்ட் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். உள்பக்கம் நீல நிறத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த போர்ட்தான்.

செருகியதும் என்ன செய்வது?

முதலில், 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். ஃபார்மேட் கொடுத்தால் பழைய படங்கள் கைவிட்டுப் போகும். டிஸ்க்கில் 'டக்... டக்' என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தால் நிலைமை மோசமாகும்.

டிஸ்க் ஓடுகிறதென்றால், முதல் வேலையாக அதிலுள்ளவற்றை இப்போதைய லேப்டாப்புக்கு காப்பி செய்யுங்கள். பிறகு, 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். 'குட்' என்று வந்தால் பேக்கப்புக்குப் பயன்படுத்தலாம். 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால், அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அதே கேஸில் புது எஸ்.எஸ்.டி-யைப் போட்டுக்கொள்ளலாம். தடிமன் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று போதாது!

பத்து வருடம் ஓடிய டிஸ்க்கை மட்டுமே நம்பக் கூடாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய '3-2-1' விதி இதற்குக் கைகொடுக்கும். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, கேஸில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு சரி. கிளவுடில் இடம் போதாதென்றால், இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் வைக்கலாம்.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை போன்ற வைரஸ்கள், லேப்டாப்பில் செருகியிருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும்.

வாங்கும் முன்...

* பழைய லேப்டாப்பில் பேட்டரியைக் கழற்றிய பிறகே ஸ்குரூவில் கைவையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

* கேபிள் தளர்வாக ஆடும் கேஸ் வேண்டாம். பாதிக் காப்பியில் தொடர்பு அறுந்தால் ஃபைல்கள் கெடும்.

* ஆன்லைனில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு '16 டி.பி எஸ்.எஸ்.டி' என்று வந்தால் ஏமாற வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அவை.

* மாதம் ஒருமுறை, ஒரு படத்தையாவது பேக்கப்பிலிருந்து திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், பேக்கப்பே அல்ல!