பம்புக்கு எந்த எண்ணெய்?

துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் நோயாளரும் விறகும் நெல்மூட்டையும் துவிச்சக்கர வண்டியிலேதான் போயின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாடு முழுவதையும் வரிசையில் நிறுத்தியபோது, மூலையில் கிடந்த வண்டிகளும் பம்புகளும் மறுபடி வெளியே வந்தன. காற்று வராத பம்புகளைப் பழுதென்று எறிந்தவர்களை நான் அறிவேன். உள்ளே தோல் காய்ந்திருந்ததைத் தவிர அவற்றில் வேறு குறை இருந்ததா என்று எவரும் திறந்து பார்க்கவில்லை.

பழைய பம்பின் தண்டு நுனியில் கிண்ண வடிவில் ஒரு தோல் வாஷர் உண்டு. தண்டை அழுத்தும்போது அதன் விளிம்பு விரிந்து உருளையின் சுவரை அடைத்துக்கொள்ளும். இழுக்கும்போது சுருங்கிப் புதுக்காற்றை உள்ளே விடும். தோல் காய்ந்து சுருங்கினால் காற்று பின்புறமாக நழுவிவிடும். ஆகவே இங்கு எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. தோலை இளக்கிக் காற்றையும் அடைக்கிறது.

நம்மவர் கை முதலில் தேங்காய் எண்ணெய்க்கே போகும். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் நாட்பட்டால் சிக்குப் பிடிக்கும். 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்குவதால், நுவரெலியாக் குளிரில் பயனில்லை. நல்லெண்ணெய் அதைவிட விரைவாகப் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் தோலை இளக்கும், ஆயினும் நெடுநாள் நில்லாது. தோலுக்கு வாசலினோ சாதாரண கிறீசோ சிறிதளவு தடவுவதே மேல்.

இன்றைய பம்புகள் பலவற்றில் தோலுக்குப் பதில் இறப்பர் வளையம் இருக்கிறது. அங்கே கணக்கு தலைகீழாகும். இயற்கை இறப்பர், வாசலின் உட்பட எந்தப் பெற்றோலிய எண்ணெய் பட்டாலும் ஊதி இளகிவிடும். நைத்திரைல் இறப்பர் அதைத் தாங்கும். இரண்டும் கறுப்பாயிருந்தால் கண்ணால் எப்படிப் பிரித்தறிவது? இரண்டுக்கும் பொருந்துவது சிலிக்கோன் கிறீஸ். கறள் நீக்கத் தெளிக்கும் திரவங்கள் வேண்டாம். அவை இருக்கும் கிறீசையும் கழுவிவிட்டுத் தாமும் ஆவியாகிவிடும். எதையும் அளவோடு இடவேண்டும். மிஞ்சியது காற்றோடு போய் வால்வின் இறப்பரையும் ரியூப்பையும் கெடுக்கும்.

தோலா, இறப்பரா, எந்த இறப்பர் என்பதை அறிந்தாலன்றி எண்ணெயைத் தெரிவுசெய்ய இயலாது. அந்த ஒரு வரியைப் பம்பின் மீது அச்சிடுவதற்கு உற்பத்தியாளருக்கு என்ன தடை? வாஷரைத் தனியாக விற்பதற்கு வணிகருக்கு என்ன நட்டம்? எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கு என்பதே அவர்கள் சொல்லாமற் சொல்லும் செய்தி. வசதியுள்ளவர் வாங்கிக்கொள்வர். விடியுமுன் வண்டியில் வேலைக்குப் புறப்படும் கூலித் தொழிலாளிக்கோ, காற்றில்லாத ரயர் என்பது ஒருநாள் கூலி. அவர் கேட்கவேண்டிய கேள்வியை அவருக்காக நாமாவது கடையில் கேட்போம்.