தரிசு திருத்துவோர் கவனத்திற்கு

இராமநாதபுரம் ஜில்லாவில் பல வருஷங்களாக உழவின்றிக் கிடக்கும் புன்செய்களைச் சீமைக் கருவேல் மூடியிருப்பது யாவரும் அறிந்ததே. கரிமூட்டத்திற்கு அதனை வெட்டக் குத்தகைக்கு விட்டால் நிலம் திருந்திவிடும் என நிலச்சுவான்தார் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது. தரைமட்டத்தில் வெட்டிய கட்டை மீண்டும் தழைக்கும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் எச்சத்தால் வித்தும் பரவும். ஆகையால் தூரோடு அகழ்ந்தெடுத்தலே முறை.

அதனினும் முக்கியமானது, அகழுமுன்னரே அடுத்த பயிரை நிச்சயித்தலாகும். கோடையில் உழுது வரப்புயர்த்திப் புரட்டாசியில் குதிரைவாலி விதைக்கலாம். பயிரேறாத மேட்டில் வேம்பும் புளியும் நடலாம். கண்மாய் வரத்துக்கால் பொதுவாதலின், அதனைத் துப்புரவு செய்யக் கிராம அதிகாரிகள் முன்னின்று குடிகளை ஒன்றுசேர்த்தல் அவசியம். விதைக்கு ஏற்பாடு செய்யாதவர் அவ்வருஷம் முள்ளைத் தொடாதிருப்பதே வீண்செலவைத் தவிர்க்கும் என்பது எமது அபிப்பிராயம்.