உள்ளிருந்து திறக்கும் வழி

பூட்டு அமைப்பவன் என்றுமே கள்வனை மனத்தில் வைத்து அதனை அமைக்கிறான். வெளியே நிற்பவன் உள்ளே புகக் கூடாது. இதுவே பூட்டின் இலக்கணம். உள்ளே இருப்பவன் வெளியே வரவும் வேண்டும் என்ற எண்ணம் வீட்டுக் கதவைப் பொறுத்தவரை இயல்பாகவே எழுந்தது. மோட்டார்க் காரின் பின்பெட்டியைப் பொறுத்தவரையிலோ, அவ்வெண்ணம் எழுவதற்கு நெடுங்காலம் சென்றது. அப்பெட்டிக்குள் ஒரு மனித உயிர் அகப்படும் என்று பலர் கருதாமையே அதற்குக் காரணம்.

நாம் 'டிக்கி' என்று வழங்கும் பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. பழைய கார்கள் சிலவற்றின் பின்புறத்து மூடியைத் திறந்தால், ஆட்கள் அமரத்தக்க மடிப்பு ஆசனம் ஒன்று இருக்கும். ஆங்கிலேயர் அவ்வாசனத்தையே டிக்கி என்றனர். ஆசனம் மறைந்தது; சாமான்கள் அவ்விடத்தைப் பிடித்தன; பெயர் மாத்திரம் நம்மிடம் தங்கிவிட்டது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஜனெட் பெனல் என்னும் பெண்மணியும் அவர் கணவரும் ஆயுதந் தாங்கிய கள்வரால் தம் காரின் பின்பெட்டியுள்ளே அடைக்கப்பட்டுக் கடத்திச் செல்லப்பட்டனர். கள்வர் அகன்ற பின், அவர்கள் இருளிலே தடவித் தேடி, மூடியைத் திறக்கும் கம்பியைக் கண்டு, அதனை இழுத்து உயிர் தப்பினர். அக்கம்பி அவர்களுக்காக அங்கே வைக்கப்பட்டதன்று. தற்செயலாகக் கைக்கு எட்டியது. எல்லார்க்கும் அத்தற்செயல் வாய்க்குமா என்று அப்பெண்மணி சிந்தித்தார். உள்ளிருந்து திறக்கும் பொறி ஒவ்வொரு காரிலும் இருத்தல் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்.

1998 ஆம் ஆண்டுக் கோடையிலே நிகழ்ந்த துயரம் அவர் சொல்லுக்கு வலிமை தந்தது. நியூ மெக்சிக்கோ, பென்சில்வேனியா, யூட்டா ஆகிய மாநிலங்களில், சில வாரங்களுக்குள் நிகழ்ந்த மூன்று விபத்துக்களில், பதினொரு குழந்தைகள் கார்ப் பின்பெட்டிகளுள் அகப்பட்டு மாண்டனர். அங்கே கள்வர் எவரும் இல்லை. உள்ளே புகுந்த பிள்ளைகளுக்கு வெளியேறும் வழி இல்லை, அவ்வளவே. இதன் பின்னர் அமெரிக்க அரசு 2000 ஆம் ஆண்டில் விதி ஒன்றை வெளியிட்டது. 2001 செப்டெம்பர் 1 ஆந் திகதி முதல், அந்நாட்டில் விற்பனைக்காகச் செய்யப்படும், பின்பெட்டியுள்ள புதிய கார்களில் உள்ளிருந்து திறக்கும் பொறி கட்டாயமாயிற்று. கையால் இயக்கும் பொறியாயின், மூடிய இருளிலும் அது கண்ணுக்குப் புலப்படல் வேண்டும் என்பதும் அவ்விதியின் கூறாகும்.

ஆயினும், நம் நாட்டுத் தெருக்களில் ஓடும் கார்கள் பல யப்பானிலிருந்து வந்தவை. அமெரிக்க விதி அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே, நம் வண்டியிலும் இப்பொறி இருக்கும் என்று வாளாவிருத்தல் ஆகாது. தேடிப் பார்த்தே அறிதல் வேண்டும்.

அமைப்பு எளிது. சாரதியின் ஆசனத்தருகே, பெரும்பாலும் தரையை ஒட்டி, சிறு பிடி ஒன்று இருக்கும். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறக்கும் பிடியும் அதன் பக்கத்திலேயே இருத்தல் வழக்கம். துவிச்சக்கர வண்டியின் பிரேக் கம்பி எவ்வாறு உறைக்குள் ஓடுகிறதோ, அவ்வாறே இப்பிடியிலிருந்து ஒரு கம்பி விரிப்பின் கீழாகப் பின்புறம் வரை சென்று பூட்டின் கொக்கியை விடுவிக்கிறது. புதிய வண்டிகளில் பிடிக்குப் பதிலாகப் பொத்தானும் மின்சாரமும் அவ்வேலையைச் செய்கின்றன. பற்றரி இறந்துவிட்டால் பொத்தான் பயன்படாது. அப்பொழுது, பூட்டுத் துளை உள்ள வண்டியாயின், திறப்பே துணை. றிமோட்டின் வயிற்றுக்குள் சிறு திறப்பொன்று மறைந்திருப்பதைப் பலர் அறியார்.

உட்புறப் பொறி இருக்குமாயின், அது மூடியின் உட்பக்கத்திலோ பூட்டின் அருகிலோ தொங்கும் சிறிய கைபிடியாகும். திறந்த வேளையில் விழும் வெளிச்சத்தை உட்கொண்டு, இருளிலே பச்சையொளி காட்டும் பொருளால் அது செய்யப்பட்டிருக்கும். அதனைப் பரீட்சிக்க எவரையும் உள்ளே அடைக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்தபடியே வைத்து, பூட்டின் கொக்கியைத் திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். பின் கைபிடியை இழுங்கள். கொக்கி விடுபட்டால் பொறி செவ்வையாக உள்ளது. விடுபடாவிடின், மூடியை மூடாமல், திறப்பாலோ சாரதியின் பிடியாலோ கொக்கியை முதலில் விடுவித்து, பின் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். சாமான்களை அடுக்கும்போது கைபிடி மறையாதிருக்கவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு அக்கைபிடியைக் காட்டிக் கொடுங்கள். பகலில், மூடி திறந்திருக்கையில், தாமே இழுத்துப் பார்க்கச் செய்யுங்கள். ஆனால் அது பாதுகாப்பின் கடைசிப் படியே. அச்சத்தால் உறைந்துபோகும் சிறு குழந்தை கைபிடியைத் தேடும் என்று நம்பியிருத்தல் பேதைமை. ஒளித்துப் பிடித்து விளையாடும் வயதினர்க்கு டிக்கியைப் போன்ற மறைவிடம் வேறில்லை. பின் ஆசனத்தை மடித்து அவ்வழியே புகுவதும் உண்டு. வெயிலில் நிற்கும் மூடிய காரின் வெப்பம் பத்து நிமிடத்துக்குள்ளேயே ஏறத்தாழ 11 பாகை செல்சியஸ் உயரக்கூடும். குழந்தையின் உடலோ பெரியவர் உடலினும் பன்மடங்கு விரைவாகச் சூடேறுவது. ஆகையால், முற்றத்தில் நிற்கும் காரையும் பூட்டி, திறப்பைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

பிள்ளையைக் காணவில்லையென்றால் நம்மவர் முதலில் கிணற்றடிக்கு ஓடுவர். அது நன்று. கிணற்றடியில் இல்லையெனின், அயலாரை விசாரிக்கு முன் காரையும் டிக்கியையும் திறந்து பாருங்கள். ஆட்கள் பலர் இருப்பின், ஒருவர் கிணற்றடிக்கு ஓடும்போதே மற்றொருவர் காரிடம் ஓடட்டும். பொறி இருந்தும் இருக்குமிடம் அறியாதவனுக்கு அது இல்லாததற்கே ஒப்பாகும். இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்கி, குடும்பத்தோடு உங்கள் வண்டியின் பின்புறத்துக்குச் செல்லுங்கள்.